‘சங்கடம்’ என்றால் சரியாக என்ன? கூச்சமும் அதுவும் ஒன்றா?

ஜூன் 3 (ஒரு வாசகர் கேட்டது)

ஆக்வேர்டு என்று வாய்க்கு வாய் சொல்கிறோம், அதற்குத் தமிழில் சரியான சொல் கிடையாது என்பது என் கருத்து. கூச்சம் என்றால் அது ஒருவருடைய சுபாவம். வெட்கம் என்றால் கல்யாணப் பெண் தலை குனிவது. சங்கடம் என்றால் ஏதோ பெரிய துன்பம், பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் தீர்த்துக்கொள்வது. பெயர் மறந்துபோன ஒருவர் நம்மை நிறுத்தி வைத்து நெடுநேரம் பேசுகிறார், லிஃப்டில் மேலதிகாரியும் நாமும் மட்டும் போகிறோம், பரிசு கொடுத்தவர் முன்னாலேயே பிரித்துப் பார்த்தால் பிடிக்கவில்லை. இதற்கெல்லாம் என்ன சொல்வீர்கள்? இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் ஆக்வேர்டையே தமிழாக எடுத்துக்கொள்வோம்.

ஜூன் 3, இரவு

சொல் இருக்கிறது, நீங்கள் தள்ளிவிட்ட சொல்தான். பெயர் ஞாபகம் வராத ஆள் எதிரே நின்று வீட்டில் ஒவ்வொருவரையும் விசாரிக்கிறார், நாம் ‘அப்புறம் சொல்லுங்க’ என்று ஓட்டிக்கொண்டிருக்கிறோம், கூட வந்தவர் ‘யார் இவங்க’ என்கிற மாதிரி நம் முகத்தைப் பார்க்கிறார். இதற்குப் பெயர் சங்கடம். திருச்சியில் சொன்னாலும் வேலூரில் சொன்னாலும் புரியும். பரிசு விஷயமும் சங்கடம்தான். லிஃப்டுக்கு அப்புறம் வருகிறேன், அது வேறு ரகம்.

ஜூன் 4

ஒரு சொல்லின் பொருளைப் பிடிக்க அகராதிக்குப் போவதற்கு முன்னால், அது எந்த வினையோடு சேருகிறது, எதோடு சேர மறுக்கிறது என்று பார்ப்பது என் பழக்கம். நேற்று இரவு படுத்த பிறகு இதைத்தான் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

‘கூச்சத்தை விட்டுட்டுப் பேசு’ என்கிறோம். ‘வெட்கத்தை விட்டுக் கேக்குறேன்’ என்கிறோம். ‘சங்கடத்தை விட்டுட்டுப் பேசு’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. புதுப் பள்ளிக்கூடம் போன குழந்தைக்கு நாலு நாளில் கூச்சம் தெளிந்துவிடும், ஆனால் சங்கடம் தெளியாது, அது தீர வேண்டும். மறுபக்கம் பாருங்கள். ‘சங்கடத்தில் மாட்டிக்கிட்டேன்’, ‘என்னைச் சங்கடத்துல இழுத்து விட்டுட்டான்’. கூச்சத்தில் மாட்ட முடியுமா, வெட்கத்தில் சிக்க முடியுமா? முடியாது. மாட்டு, சிக்கு, தீர் என்ற வினைகள் சேருகிற சொற்கள் சங்கடம், இக்கட்டு, நெருக்கடி, சிக்கல், வம்பு என்று ஒரு குடும்பமாக நிற்கின்றன.

அதாவது கூச்சம் நம்மிடம் இருப்பது, நாம் நினைத்தால் கீழே போடலாம். சங்கடத்துக்குள் நாம் இருக்கிறோம். அதிலிருந்து வெளியே வர நம் மனதை மாற்றிக்கொண்டால் போதாது, சூழ்நிலை மாற வேண்டும், பெரும்பாலும் இன்னொருவர் மனது வைக்க வேண்டும்.

விருந்தாளியிடம் ‘கூச்சப்படாம சாப்பிடுங்க’ என்று சொல்வது சாதாரணம். அதே இடத்தில் ‘சங்கடப்படாம சாப்பிடுங்க’ என்று சொல்லிப் பாருங்கள். உடனே அந்த வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று தோன்றிவிடும். பழைய மனத்தாங்கல் ஏதாவது இருக்கும், அல்லது சாப்பிட வந்தவர் சாப்பிடக் கூடாத வீடாக இருக்கும். ஒரு சொல்லை மாற்றியதும் ஒரு கதை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஜூன் 4, மதியம்

‘சங்கடம் வடசொல், அதை ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும், இக்கட்டு இருக்கிறதே’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இக்கட்டு நல்ல சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதன் எடை வேறு. வாடகை கட்டப் பணம் இல்லை, வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறார் என்றால் இக்கட்டு. பெயர் மறந்துபோனதற்கு ‘இக்கட்டா இருந்துச்சு’ என்று பேச்சில் யாரும் சொல்வதில்லை. வந்த வழி எதுவானாலும், இத்தனை காலம் தமிழர் வாயில் புழங்கித் தனக்கென்று ஒரு பொருளைச் சம்பாதித்துக்கொண்ட சொல்லை அனுப்பிவிட்டால் அந்தப் பொருளும் கூடவே போய்விடும். என் கவலை அதுதான்.

ஜூன் 6

வடமொழியில் இதன் அடிப்படைப் பொருள் குறுகல், நெருக்கமான இடம். அதிலிருந்துதான் ஆபத்து, துன்பம் எல்லாம் கிளைத்தன. மூச்சு முட்டுகிற சந்துக்குள் மாட்டிக்கொண்ட நிலை என்று வைத்துக்கொள்ளலாம். நேற்று முன்தினம் வினைகளை வைத்துச் சொன்னது இதோடு அப்படியே பொருந்துகிறது. இடம் என்பதால்தான் உள்ளே மாட்டுகிறோம்.

தமிழுக்குச் சொந்தமான நெருக்கடியும் இடுக்கண்ணும்கூட நெருக்கத்தையும் இடுக்கையும்தான் காட்டுகின்றன. ‘இடுக்கண் வருங்கால் நகுக’ என்று படித்தபோது அந்த இடுக்கை நாம் கவனித்திருக்க மாட்டோம்.

ஆங்கில ஆக்வேர்டின் பூர்விகமும் சுவாரசியமானது. பழைய ஸ்காண்டிநேவிய மொழியில் ‘தப்பான பக்கம் திரும்பியது’ என்று பொருள் தந்த சொல்லோடு திசையைக் குறிக்கும் விகுதி சேர்ந்து வந்தது. முதலில் கோணலான திசை, பிறகு கைக்கு வசப்படாத பொருள், லாகவமில்லாத ஆள், கடைசியாகத்தான் இன்றைய பொருள். அவர்கள் திசை கோணிப்போனதாகப் பார்த்தார்கள், நாம் இடம் போதாமல் போனதாகப் பார்க்கிறோம். அதனால்தான் ஒன்றுக்கு ஒன்று வைத்துப் பார்க்கும்போது ஓரத்தில் கொஞ்சம் இடிக்கிறது. மேஜையைக் கோணலாகப் போட்டிருந்தால் ஆக்வேர்டு என்பார்கள், சங்கடம் என்று சொல்ல முடியாது.

ஜூன் 6, இரவு

சங்கோஜத்தை மறந்துவிடக் கூடாது. ‘சங்கோஜப்படாம கேளுங்கோ’ என்று பேசிய தலைமுறை இன்னும் இருக்கிறது. அதன் வடமொழி வேரில் சுருங்குதல் என்று பொருள். ஆக, இடம் சுருங்கினால் சங்கடம், ஆள் சுருங்கினால் சங்கோஜம். அதனால்தான் சங்கோஜத்தை விட்டுப் பேச முடிகிறது, கூச்சத்தைப் போல. இந்த ஒரு ஜோடியைக் கண்டுகொண்டதில் இன்று முழுவதும் எனக்குச் சந்தோஷம்.

ஜூன் 9

அக்கம்பக்கத்து மொழிகளில் இந்தச் சொல் என்ன ஆனது என்று கேட்டவருக்கு:

இந்தியில் சங்கட் என்றால் நெருக்கடி, ஆபத்து. பொருளாதார நெருக்கடியை ‘ஆர்த்திக் சங்கட்’ என்று செய்தி வாசிப்பார்கள். வாரணாசியில் அனுமனுக்குச் சங்கட் மோசன் என்று கோயில் இருக்கிறது, சங்கடத்திலிருந்து விடுவிப்பவர். நம் சங்கடஹர சதுர்த்தியும் அந்தப் பழைய கனத்த பொருளில்தான் நிற்கிறது, மாதாமாதம் பௌர்ணமி கழிந்து வரும் நாலாம் திதியில். கேள்வி கேட்டவர் பிள்ளையாரை இழுத்தது இதனால்தான், அதில் தப்பில்லை. கன்னடத்தில் சங்கட என்றால் வேதனை. பூனைக்கு விளையாட்டு, எலிக்குப் பிராண சங்கடம் என்று அவர்களிடம் பழமொழி உண்டு, தெலுங்கிலும் உண்டு. சங்கடம் வந்தால் வெங்கடரமணா என்று கூப்பிடுவது என்றும் கன்னடத்தில் சொல்வார்கள், எதுகைக்காகவே பிழைத்திருக்கிற பழமொழி. மலையாளத்தில் சங்கடம் முழுக்க முழுக்க அழுகை வருகிற துக்கம். ‘எனிக்கு சங்கடமாயி’ என்றால் எனக்கு மனசு வருத்தமாகிவிட்டது. நாம் சங்கடம் என்கிற இடத்தில் அவர்களுக்குச் சம்மல் என்று தனிச் சொல் இருக்கிறது.

ஆபத்திலிருந்து வேதனைக்கும், வேதனையிலிருந்து துக்கத்துக்கும் போன சொல், தமிழ்ப் பேச்சில் மட்டும் இரண்டு பேர் நடுவில் ஏற்படும் இந்த மெல்லிய நெருக்கலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ‘ஆபத்து’ என்ற பொருளை நம் பேச்சு கிட்டத்தட்ட கைவிட்டே விட்டது. கார் கவிழ்ந்தால் யாரும் சங்கடம் என்று சொல்வதில்லை.

ஜூன் 10

குமரி மாவட்டத்துக்காரர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: ‘தமிழில் மட்டும் என்று எப்படிச் சொல்வீர்கள், எங்கள் பக்கம் சங்கடம் என்றால் துக்கம்தான்.’ உண்மை. நேற்று எழுதியதில் அந்தப் பக்கத்தைச் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள். இது எனக்கு வேலையிலேயே நேர்ந்த அனுபவம்.

மருத்துவமனைகளில் நோயாளிகளிடம் கேட்கும் கேள்விப் படிவங்களைத் தமிழில் திருத்திக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. ஒரு படிவத்தில், உடம்புப் பிரச்சினையை வீட்டு மனிதர்கள் முன்னால் சொல்ல உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டியிருந்தது. மொழிபெயர்த்து வந்த வடிவத்தில் ‘அசௌகரியமாக உணர்கிறீர்களா’ என்று இருந்தது. வாசித்துக் காட்டியதும் ஒரு அம்மா, ‘ஆமா, இந்த பெஞ்சி கொஞ்சம் அசௌகரியந்தான்’ என்றார். அவர் சொன்னதுதான் சரியான தமிழ். அசௌகரியம் நாற்காலிக்கும் கட்டிலுக்கும் பஸ் பயணத்துக்கும் உரியது. அதை எடுத்துவிட்டு ‘சங்கடமாக இருக்கிறதா’ என்று மாற்றினேன். பல ஊர்களில் சரியாகப் போனது. நாகர்கோவில் பக்கம் போனபோது ஒரு வயதான பெண் அந்தக் கேள்வியைக் கேட்டதும் கண் கலங்கி, ‘சங்கடம் இல்லாம இருக்குமா மக்களே, அவரு போயி இன்னும் வருசம் திரும்பல்ல’ என்றார். கேள்வியைக் கேட்ட பெண் பேனாவை வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். படிவத்தில் அன்று அந்த வரிக்குப் பதில் இல்லை, அது தேவையாகவும் இல்லை.

அந்தப் பக்கத்துக்கு ‘சொல்லக் கூச்சமாக இருக்கிறதா, தயக்கமாக இருக்கிறதா’ என்று வைத்தோம். உடம்பைப் பற்றிய பேச்சு என்பதால் அங்கே கூச்சமே பொருத்தம் என்று இப்போது எல்லா ஊர்களுக்கும் அதையே பரிந்துரைக்கிறேன்.

ஜூன் 10, பின்னிரவு

‘சங்கட்டம்’ என்று டகர ஒற்றோடு அழுத்திச் சொல்பவர்கள் தென் மாவட்டங்களில் நிறைய. ‘மனசுக்குச் சங்கட்டமா இருக்குய்யா.’ என் காதுக்கு அது சங்கடத்தைவிடக் கனமாகக் கேட்கிறது, துக்கத்துக்கும் சங்கடத்துக்கும் நடுவில்.

ஜூன் 13

கூச்சத்தைப் பற்றி நாலாம் தேதி எழுதியது போதவில்லை. அது மனதுக்கு வருவதற்கு முன்னால் உடம்புக்கு வந்த சொல். வெயிலில் கண் கூசுகிறது. ஐஸ் பட்டால் பல் கூசுகிறது. விலாவில் விரல் பட்டால் கூசுகிறது. புது ஆள் வந்தால் பிள்ளை கூசுகிறது. நாலுக்கும் ஒரே வினை, நாலிலும் உடம்பு பின்னால் இழுத்துக்கொள்கிறது. பல்லின் மேல் பூச்சு தேய்ந்து உள்ளடுக்கு வெளியே தெரிந்துவிட்டால், அதில் இருக்கிற மிக நுண்ணிய குழாய்கள் வழியாகக் குளிர்ச்சியும் சூடும் நரம்பை எட்டிவிடுகின்றன, அதுதான் பல் கூச்சம். மேல்தோல் மெலிந்த இடத்தில் வெளியுலகம் நேரே தொட்டுவிடுகிறது என்று கூச்ச சுபாவக்காரர்களுக்கும் இதையே சொல்லலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று. தன்னைத்தானே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாது. நம் கை எங்கே போகப்போகிறது என்று மூளை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுவதால் அந்தத் தொடுதலின் வேகம் அடங்கிவிடுகிறது. ஆகவே கூச்சத்துக்கும் வெளியிலிருந்து ஒன்று வந்து பட வேண்டும். சங்கடத்துக்கு மட்டும்தான் இன்னொரு ஆள் வேண்டும் என்று இங்கே சிலர் பேச ஆரம்பித்திருக்கிறார்கள், அது அவ்வளவு நேரான கோடு இல்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. கூச்சத்தில் நான் என்னைக் காக்கிறேன். சங்கடத்தில் என்னையும் காக்க வேண்டும், எதிரில் இருப்பவரையும் காக்க வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து இடம் போதவில்லை.

ஜூன் 13, கொஞ்ச நேரம் கழித்து

தொட்டாற்சிணுங்கியை ஒருவர் நினைவுபடுத்தினார். அதன் தாவரவியல் பெயரில் வரும் ‘புடிகா’வுக்கு லத்தீனில் நாணமுள்ளது என்று பொருள். வடமொழியில் லஜ்ஜாலு, அதுவும் அதே. தமிழ் மட்டும் வெட்கத்தைச் சொல்லாமல், தொட்டால் சிணுங்குகிற குழந்தையாகப் பார்த்திருக்கிறது. இத்தனைக்கும் செடியின் பூர்விகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. வந்த இடத்தில் இப்படி ஒரு பெயர் கிடைத்ததே.

ஜூன் 17

லிஃப்ட்.

மேலதிகாரியும் நாமும், மூன்று மாடி, பேச ஒன்றுமில்லை. இதற்குச் சங்கடம் என்று சொன்னால் கொஞ்சம் அதிகம். யாருக்கும் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, மறைக்க எதுவுமில்லை. இங்கே தமிழர்கள் உண்மையில் சொல்வது ‘ஒரு மாதிரியா இருந்துச்சு’. இதைச் சொல் என்று அகராதிக்காரர்கள் மதிப்பார்களோ இல்லையோ, பேச்சில் ஆக்வேர்டின் முக்கால்வாசி வேலையை இதுதான் செய்கிறது. ‘அவன் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.’ ‘என்னமோ மாதிரி இருக்கு.’ எந்த மாதிரி என்று சொல்லாமலே நிறுத்திவிடுகிறோம், கேட்பவர் நிரப்பிக்கொள்கிறார். பெயர் வைக்கத் தயங்குகிற உணர்ச்சிக்குப் பெயர் வைக்காத ஒரு தொடர், இது பொருத்தமாகவே எனக்குப் படுகிறது.

ஆனால் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். ‘எனக்கு ஒரு மாதிரி இருக்கு’ என்றால் மயக்கம் வருகிறது என்றும் ஆகும். ‘அவர் ஒரு மாதிரி’ என்றால் அவர் நடத்தையைச் சந்தேகிக்கிறோம். ‘ஒரு மாதிரியா பாத்தார்’ என்றால் இன்னும் மோசம்.

ஜூன் 18

வெட்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. அதற்குப் பார்க்கிற கண் வேண்டும். குறளில் நாணுடைமை 102ஆவது அதிகாரம். அதன் முதல் குறளே செயலால் வரும் நாணம் வேறு, பெண்களின் இயல்பான நாணம் வேறு என்று பிரித்துவிட்டுத்தான் தொடங்குகிறது. இன்றும் அந்த இரண்டும் ‘வெட்கம்’ என்ற ஒரே சொல்லுக்குள் கிடந்து முட்டிக்கொள்கின்றன. ‘வெக்கமா இல்லையா உனக்கு’ என்பது வசவு. ‘வெக்கப்படுறா பாரு’ என்பது கொஞ்சல். சங்கடத்தை வைத்து இப்படி யாரையும் திட்டவும் முடியாது, கொஞ்சவும் முடியாது. ‘சங்கடமா இல்லையா உனக்கு’ என்று கேட்டால் அது அக்கறையான கேள்வியாகத்தான் காதில் விழும்.

ஜூன் 22

தர்மசங்கடத்தைப் பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு. செய்தித்தாள்களில் ஒரு தலைவர் ஏதோ உளறிவிட்டால் ‘கட்சிக்குத் தர்மசங்கடம்’ என்று போடுகிறார்கள். கட்சிக்கு அங்கே ஏற்பட்டது சங்கடம், தர்மம் நடுவில் வரவில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருந்து, ஒன்றைச் செய்தால் மற்றது கெடும் என்கிற இடத்துக்குத்தான் தர்மசங்கடம் சொந்தம். அண்ணன் செய்வது தப்பு என்று கும்பகர்ணனுக்குத் தெரியும், எடுத்தும் சொன்னான். ஆனாலும் சோறு போட்டு வளர்த்தவனைப் போர் நேரத்தில் விட்டுவிட்டுப் போக அவனால் முடியவில்லை. அதே வீட்டில் விபீடணன் இன்னொரு தர்மத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறினான். இருவரில் யாரையும் லேசில் குற்றம் சொல்ல முடியாது, அதுதான் அந்தச் சொல்லின் கனம். இதைச் சில்லறை நாணத்துக்குச் செலவழிப்பது எனக்கு உறுத்துகிறது.

தமிழில் இதற்கு இருதலைக்கொள்ளி எறும்பு உண்டு. புதிதாகச் செய்த உவமை என்று நினைத்துவிடாதீர்கள், அகநானூறு 339ஆம் பாட்டிலேயே ‘இருதலைக் கொள்ளி இடைநின்று வருந்தி’ என்று வருகிறது. ஒரு பக்கம் மேற்கொண்ட வினை, மறுபக்கம் விட்டுவந்த பெண், நடுவில் மாட்டிக்கொண்ட மனது. கொள்ளி இரண்டு பக்கமும் எரிய எரிய அந்த எறும்புக்கு நிற்கிற இடம் குறைந்துகொண்டே வருகிறது. மறுபடியும் இடம் சுருங்குவதுதான்!

ஜூன் 23

யாழ்ப்பாணத்துச் சகோதரி ஒருவர் ‘எங்களுக்கு அந்தரம் என்று ஒரு சொல் இருக்கு’ என்று எழுதியிருக்கிறார். அருமை. ‘அந்தரமாக் கிடக்கு’ என்றால் மனம் நிலைகொள்ளாமல் தவிக்கிறது, ‘அந்தரப்படாதேங்கோ’ என்றால் பதற்றப்படாதீர்கள். தமிழகத்தில் அந்தரம் என்றால் நடுவானம், தரையும் இல்லாமல் மேலும் இல்லாமல் தொங்குவது. சங்கடத்தில் சுவர்கள் நெருங்குகின்றன, அந்தரத்தில் கால் வைக்கத் தரையில்லை. இதுவும் இடம் சார்ந்த சொல் என்பதால் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன், ஆனால் அது ஆக்வேர்டைவிடப் பதற்றத்துக்குப் பக்கம்.

ஜூன் 23, மாலை

பழைய அகராதிகளில் சங்கடம் என்றால் இரட்டைத் தோணி என்றும் இருக்கிறதே என்று கேட்டவருக்கு: இருக்கிறது, ஆனால் வேறு சொல். மலையாளத்தில் சங்ஙாடம், போர்ச்சுகீசியர் எடுத்துக்கொண்டுபோய் ஜங்காடா என்றார்கள். கி.பி. முதலாம் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ், நம் கரையில் மரங்களைச் சேர்த்துக் கட்டிய பெரிய கலங்களைச் ‘சங்கரா’ என்று சொல்கிறது, அதுவும் இதுவும் ஒன்று என்பார்கள். இரண்டு தோணியில் கால் வைத்தால் சங்கடம் வரும் என்பதைத் தாண்டி இரண்டுக்கும் உறவில்லை.

ஜூன் 27

நான் உண்மையில் சொல்ல வந்தது இன்றுதான் தெளிவாக வருகிறது.

தாட்சண்யம் என்று ஒரு சொல் இருக்கிறது, முகதாட்சண்யம் என்றும் சொல்வார்கள். நேரில் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல வராத இளக்கம். தாட்சண்யம் இல்லாதவருக்குச் சங்கடமும் இல்லை. கடனைத் திருப்பித் தராதவன் எதிரே வந்தால் நியாயப்படி அவன்தான் நெளிய வேண்டும். ஆனால் கொடுத்தவர்தான் தெருவை மாற்றிப் போகிறார். ஏன்? நம்மைப் பார்த்தால் அவனுக்கு எப்படி இருக்கும் என்று இவர் யோசிக்கிறார். வட்டிக்கு விடுபவர் இப்படிப் போவதில்லை, நேரே வந்து நிற்பார். கடன் அதேதான், அவன் முகத்தைப் பற்றிய கவலை இங்கே இருக்கிறது, அங்கே இல்லை.

வள்ளுவர் இதைக் கண்ணோட்டம் என்று 58ஆம் அதிகாரமாக வைத்தார். அதன் கடைசிக் குறள்தான் ‘பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர்’ என்பது. பழகியவர் தன் கண் முன்னாலேயே நஞ்சை ஊற்றுவதைப் பார்த்தும், முகத்தை முறிக்க முடியாமல் வாங்கிக் குடித்து அமைதியாக இருப்பார்களாம், விரும்பத்தக்க நாகரிகத்தை வேண்டுகிறவர்கள். நஞ்சைக் குடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, பண்பின் உச்சத்தைக் காட்ட இப்படிச் சொன்னார் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் பிடிக்காத பரிசைப் பிரித்துப் பார்த்து ‘ரொம்ப நல்லா இருக்கு’ என்கிறோமே, அதன் பெரிய அண்ணன் இந்தக் குறள்.

கனடாவில் பிறந்த சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1956இல் இந்த உணர்ச்சியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒருவர் தடுமாறுவது அவருடைய தனிப்பட்ட பலவீனம் இல்லை, இரண்டு பேர் சந்திப்பின் ஒழுங்கிலேயே அதற்கு ஒரு வேலை இருக்கிறது என்பது அவர் வாதம். சங்கடத்துக்கு நம் வினைச்சொற்கள் காட்டுவதும் அதே பக்கம்தான்.

அதனால் பிள்ளைகளிடம் ‘நீ ஏன் சங்கடப்படுறே, அது உன் பலவீனம்’ என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கூச்சத்தைக் குறைக்கப் பயிற்சி கொடுங்கள், மேடையில் ஏற்றுங்கள், சரி. சங்கடம் வருகிறது என்றால் அந்தப் பிள்ளை அடுத்தவர் முகத்தையும் பார்க்கிறது என்று அர்த்தம். அதைப் பயிற்சி கொடுத்துப் போக்கிவிட்டால் என்ன மிஞ்சும்?

ஜூன் 28

‘அப்படியானால் சங்கடப்படுகிறவன் சும்மா நெளிந்துகொண்டே இருக்க வேண்டியதுதானா’ என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. மாட்டிக்கொண்டவரால் முடியாததை எதிரில் இருப்பவர் ஒரு வாக்கியத்தில் செய்துவிடலாம். நம் பெயர் அவருக்கு ஞாபகம் வரவில்லை என்று தெரிந்ததும் நாமே பெயரைச் சொல்லி, எங்கே பழக்கம் என்றும் சொல்லிவிடலாம். எனக்கு இப்படி ஒரு பெரியவர் செய்தார். கை குலுக்கும்போதே பெயர், ஊர், எந்தக் கல்யாணத்தில் பார்த்தோம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரித்தார். அவரிடம் கற்றுக்கொண்டு அன்றிலிருந்து நானும் அப்படித்தான். கடன் வாங்கியவர் ‘இன்னும் முடியல, தீபாவளி கழிச்சுத் தந்துடுறேன்’ என்று தானாகச் சொல்லிவிட்டால் கொடுத்தவர் நிம்மதியாக அதே தெருவில் நடப்பார். ‘சங்கடப்படாதீங்க’ என்று நம் ஆட்கள் சொல்வதும் இதுதான். உணர்ச்சியை மாற்றிக்கொள்ளச் சொல்லும் அறிவுரையாக அதைக் கேட்கக் கூடாது, ‘என் பக்கத்திலிருந்து உங்களுக்கு எந்த நெருக்கடியும் இல்லை’ என்று எதிராளி தரும் வாக்கு அது.

ஜூலை 1

எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘நான் சங்கடமாக உணர்ந்தேன்’ என்ற வாக்கியம் இப்போது கதைகளில், வசனங்களில், படிவங்களில் எல்லா இடத்திலும் வருகிறது. தமிழில் இந்த உணர்ச்சிகள் நமக்கு வருகின்றன. ‘எனக்குச் சங்கடமாக இருந்தது’, ‘எனக்குச் சங்கடமாகிவிட்டது’, ‘சங்கடமாகப் போயிற்று’. நீட்ட வேண்டுமானால் ‘சங்கடப்பட்டேன்’. இதில் எங்கேயும் ‘உணர்ந்தேன்’ தேவைப்படாது. பல சமயம் சொல்லே வேண்டியதில்லை. ‘நெளிந்தான்’, ‘மென்று விழுங்கினான்’, ‘தலையைச் சொறிந்தான்’, ‘முகத்தில் அசடு வழிந்தது’, ‘அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்’. அசடு வழிவது மட்டும் கொஞ்சம் வேறு, செய்தது தப்பென்று பிடிபட்ட பிறகு வரும் சிரிப்பு அது.

ஜூலை 2

‘இவ்வளவு பேசியும் இளைஞர்கள் ஆக்வேர்டு என்றுதானே சொல்லப்போகிறார்கள்’ என்று முதலில் கேட்டவரே திரும்பக் கேட்டிருக்கிறார். சொல்லட்டும். லிஃப்டுக்கு அந்தச் சொல் நன்றாகவே வேலை செய்கிறது. பரிசுக்கும் பெயர் மறந்ததற்கும் கடனுக்கும் வரும்போது ‘சங்கடமா இருந்துச்சு’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், எதிரில் கேட்பவர் ‘யாருக்காக?’ என்று கேட்பார். ஆக்வேர்டு என்று சொன்னால் அந்தக் கேள்வி வராது.